வேலியில் முட்டி நின்ற அம்பு: எல்லைச் சுவர்ச் செய்திகளைக் கணக்குப் பார்ப்பது எப்படி

செய்திப் பக்கங்களுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. போர், புயல், தேர்தல் எதுவானாலும் சாயங்காலம் ஆறு மணிக்குள் நான்கு பத்தி அகலத்துக்கு ஒரு படம் வேண்டும் என்பார்கள். 2015 செப்டம்பரில் ஹங்கேரி, செர்பியாவோடு உள்ள எல்லையில் வேலி போட்டு முடித்தபோது நான் போட்ட படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். தெற்கிலிருந்து ஒரு தடித்த சிவப்பு அம்பு, ஐரோப்பாவுக்குள் வரும் அகதிகளின் பாதை. குறுக்கே கறுப்புக் கோடு, 175 கிலோமீட்டர் வேலி. அம்பு கோட்டில் முட்டி நிற்கிறது. பார்க்க அழகான படம்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு வாசகர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் என்றார். கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, அம்பு முட்டி நின்னுடுச்சு, சரி. அதுல வந்த ஆளுங்க எங்க போனாங்க?"

அவர் கேட்ட நேரத்தில் அந்த ஆட்கள் குரோஷியாவில் தொவார்னிக் என்ற சின்ன ஊரின் ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி ஹங்கேரி வழியை அடைத்தது. மறுநாளே செர்பியாவில் பஸ்கள் மேற்கே திரும்பிவிட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குரோஷியா வழியாகக் கடந்து போனார்கள். குரோஷியா எல்லையோரத்தில் 1990களின் போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் மிச்சம் இருந்தன என்பதால், வயல் வழியே நடக்காதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. என் படத்தில் இது எதுவுமே இல்லை.

அதற்கப்புறம் சுவர், வேலி என்று எந்தச் செய்தி வந்தாலும் ஒரு முறைப்படிதான் வேலை செய்கிறேன். வேலைக்கும் பஞ்சமில்லை. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது உலகத்தில் சுமார் 15 எல்லைச் சுவர்கள் இருந்ததாகக் கியூபெக் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் வாலே கணக்கிட்டார். இப்போது 70ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு சுவருக்கும் "ஊடுருவல் குறைந்தது" என்று ஒரு அறிக்கை வரும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் மூன்று வரிசை

ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள். வேலி போட்ட பகுதி ஒன்று, அதற்குப் பக்கத்துப் பகுதி ஒன்று, மொத்த எல்லை ஒன்று. வேலிக்கு முந்தைய ஆண்டு, ஐந்தாறு ஆண்டு கழித்து என்று இரண்டு கட்டம் போதும். அறிக்கையில் முதல் வரிசை மட்டும்தான் இருக்கும். மற்ற இரண்டையும் நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அமெரிக்க – மெக்சிகோ எல்லை. 1994 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் 'ஆபரேஷன் கேட்கீப்பர்' தொடங்கியது: வேலி, விளக்கு, கூடுதல் ஆட்கள். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும் என்பதால் 1994 நிதியாண்டின் எண் முழுக்க அதற்கு முந்தையது. அந்த ஆண்டு சான் டியேகோவில் பிடிபட்டவை சுமார் 4.5 லட்சம். 2000 நிதியாண்டில் 1.5 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு குறைவு. தலைப்புச் செய்திக்கு இது போதும்.

இரண்டாவது வரிசை, அரிசோனாவின் டூசான் பகுதி: 1994இல் 1.39 லட்சம், 2000இல் 6.16 லட்சம். மூன்றாவது வரிசை, மெக்சிகோவோடு உள்ள மொத்த எல்லை: 9.79 லட்சத்திலிருந்து 16.4 லட்சம்.

சான் டியேகோவில் குறைந்தது 3 லட்சம், டூசானில் கூடியது 4.77 லட்சம். இதைப் பார்த்ததும் "சுவரால்தான் மொத்தமும் கூடியது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். 1994 டிசம்பரில் மெக்சிகோவின் பெசோ சரிந்தது. அதே பத்தாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் வேலைக்கு ஆள் கிடைக்காத நிலை. மொத்தம் கூடியதற்கு அவையெல்லாம் காரணம். சுவரின் கைவரிசை தெரிவது ஆட்கள் இடம் மாறியதில். ஆய்வாளர்கள் இதற்குப் 'புனல் விளைவு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அகலமாக வந்ததை இரண்டு பக்கமும் அடைத்தால் நடுவில் உள்ள சின்னத் துளைக்குத்தான் வரும். அந்தத் துளை, டூசான் பக்கத்துச் சொனோரா பாலைவனம்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்துவிடவில்லை. நகரப் பகுதிகளை அடைத்தால் ஆட்கள் கடக்கக் கடினமான நிலத்துக்குத் தள்ளப்படுவார்கள், அங்கே காவலர்களுக்குச் சாதகம் அதிகம் என்று எல்லைக் காவல் படையின் 1994ஆம் ஆண்டுத் திட்ட ஆவணமே சொன்னது. கடினமான நிலத்தைப் பார்த்தால் திரும்பிவிடுவார்கள் என்ற நினைப்பு. அவர்கள் திரும்பவில்லை.

எதை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள்

மேலே "பிடிபட்டவை" என்று அஃறிணையில் எழுதியது கைதவறி அல்ல. எல்லைக் கணக்கில் எண்ணுவது சம்பவங்களை. ஒரே ஆள் வாரத்தில் மூன்று தடவை சிக்கினால் மூன்று. 2020 மார்ச் முதல் 2023 மே வரை அமெரிக்காவில் 'டைட்டில் 42' என்ற சுகாதார விதியைக் காட்டி, பிடித்த பலரை வழக்கு எதுவுமில்லாமல் சில மணி நேரத்திலேயே மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விளைவு, மறுநாள் மறுபடி முயற்சி. 2021 நிதியாண்டில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 27 பேர் அதே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சிக்கியவர்கள். "சாதனை அளவுக் கூட்டம்" என்ற செய்திகளில் இந்தத் திரும்பத் திரும்ப எண்ணியதும் சேர்ந்திருந்தது.

எண் குறைந்தாலும் சந்தேகம் உண்டு. யாரும் வரவில்லையா, அல்லது காவலர் இல்லாத இடத்தில் கடந்தார்களா? இரண்டுக்கும் எண் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் பக்கத்து வரிசை இல்லாமல் முதல் வரிசையை நம்பாதீர்கள் என்கிறேன்.

ரூலரை எடுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த வேலை, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேலி போடுவதற்கு முன்னால் மக்கள் போன வழியின் நீளம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? கூகுள் எர்த்தில் அளவுகோல் இருக்கிறது, அது போதும்.

ஸ்பெயினை எடுங்கள். ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே ஜிப்ரால்டர் ஜலசந்தியின் குறுகிய இடம் 14 கிலோமீட்டர். முன்பு அந்த வழியில் படகுகள் போயின. 2000களின் தொடக்கத்தில் ஸ்பெயின் அங்கே ரேடாரும் இரவுக் கேமராவும் வைத்தது. படகுகள் தெற்கே இறங்கி, மொராக்கோக் கரைப் பக்கமிருந்து கேனரித் தீவுகளில் ஒன்றான ஃபுயர்தெவெந்துராவுக்குப் போகத் தொடங்கின. அந்தத் தூரம் சுமார் 100 கிலோமீட்டர்.

தரைவழி என்றால் மொராக்கோவுக்குள் ஸ்பெயின் வைத்திருக்கும் சேயுத்தா, மெலில்லா நகரங்கள். 2005 இலையுதிர் காலத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலியேற முயன்ற பிறகு, அங்கே 3 மீட்டர் வேலி 6 மீட்டராக உயர்ந்தது. மறு ஆண்டே, 2006இல், கேனரித் தீவுகளில் மரப்படகுகளில் வந்து இறங்கியவர்கள் 31,000க்கும் மேல். இப்போது படகுகள் கிளம்பிய இடம் மொரிட்டானியாவின் நுவாதிபு, அப்புறம் செனகல். நுவாதிபுவிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர், செனகலிலிருந்து 1,500.

14, 100, 800, 1,500. இந்த நான்கு எண்களையும் ஒரு வரியில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். ஜலசந்தியில் சில மணி நேரப் பயணம், அட்லாண்டிக்கில் ஒரு வாரமாகிவிட்டது. இன்ஜின் நின்றால் ஜலசந்தியில் இன்னொரு கப்பல் கண்ணில் படும். அட்லாண்டிக்கில் படகு தீவுகளைத் தவறவிட்டால் நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போகும். 2021 மே மாதம் கரீபியக் கடலின் டொபேகோ தீவுக்குப் பக்கத்தில் மீனவர்கள் கண்ணில் ஒரு மொரிட்டானியப் படகு பட்டது. உள்ளே 14 உடல்கள். கேனரிக்குக் கிளம்பிய படகு, பெருங்கடலையே தாண்டிவிட்டது. இப்படிக் கரை சேராமலே போனவை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேனரி எண் 2010இல் சுமார் இருநூறுக்கு இறங்கியது. ஸ்பெயின், மொரிட்டானியா, செனகல் கரைகளில் கூட்டு ரோந்தும் திருப்பியனுப்பும் ஒப்பந்தங்களும் ஒரு காரணம். 2008க்குப் பிறகு ஸ்பெயினில் கட்டட வேலையே படுத்துவிட்டது இன்னொரு காரணம். 2024இல் அதே தீவுகளுக்கு வந்தவர்கள் 46,843 பேர். ஆக, எந்த ஆண்டில் நிறுத்தி அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே தடுப்பு வெற்றியாகவும் தெரியும், தோல்வியாகவும் தெரியும். படத்தில் ஆண்டைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பாலைவனத்துக்கும் ரூலர் செல்லும். எல்லையிலிருந்து டூசான் நகரம் வரை நூறு கிலோமீட்டர் அளவு. அதில் பாதியை நடந்தாலும் பல நாள், அதுவும் இரவில், சாலையைத் தவிர்த்து. கோடையில் 40 டிகிரிக்கு மேல். நாளுக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் நான்கு நாளுக்கு 32 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 32 கிலோவை யார் முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறுவது? இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அங்கே ஏன் சாகிறார்கள் என்று அப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிணவறைக் கணக்கு

எல்லைக் காவலர்களின் அறிக்கைக்கு அடுத்து நான் தேடுவது பிரேதப் பரிசோதனை அலுவலகத்தின் ஏட்டை. டூசான் இருக்கும் பீமா மாவட்டத்தின் அலுவலகம், எல்லை கடக்கையில் இறந்தவர்களைத் தனியாகப் பதிவு செய்கிறது. அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஏட்டைப் புரட்டி எண்ணினார்கள். 1990 முதல் 1999 வரை பத்து ஆண்டுகளில் 125 உடல்கள். 2000 முதல் 2005 வரை ஆறே ஆண்டுகளில் 802. ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று என்று இருந்தது நூற்று முப்பதைத் தாண்டியது. புனல் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் என்னால் போட முடியாது.

'ஹ்யூமேன் பார்டர்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு அந்த அலுவலகத்தோடு சேர்ந்து ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. உடல் கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. அதை ஒருமுறை எங்கள் பக்கத்துக்கு எடுத்து வரைந்தபோது, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, சேர்த்துப் பெரிய வட்டமாகப் போட்டுவிடலாம் என்று பக்க வடிவமைப்பில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு புள்ளி ஒரு ஆள். அசிங்கமாக இருந்தாலும் அப்படியே போகட்டும் என்றேன். அப்படியே போனது.

எண்ணிக்கையோடு நிற்காமல் விகிதமும் பாருங்கள். அமெரிக்க எல்லைக் காவல் படையின் சொந்தக் கணக்கே போதும். தென்மேற்கு எல்லையில் 1998 நிதியாண்டில் பிடிபட்டவை சுமார் 15.2 லட்சம், இறப்பு 263. 2012இல் பிடிபட்டவை 3.57 லட்சம், இறப்பு 460க்கும் மேல். லட்சத்துக்கு 17 என்று இருந்தது 130க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடப்பவர்கள் குறைந்தார்கள் என்ற செய்தியும் உண்மை. பிடிபட்டவற்றோடு ஒப்பிட்டால் இறப்பு ஏழு மடங்குக்கு மேல் ஆனது என்ற செய்தியும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. இரண்டாவது வரியை நான் எந்தத் தலைப்பிலும் பார்த்ததில்லை.

இந்த எண்களும் குறைவானவை. காவலர்கள் தங்கள் கண்ணில் பட்டதையே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். பண்ணைக்காரர் கண்டெடுத்தது, மெக்சிகோ பக்கம் கரை ஒதுங்கியது எல்லாம் விட்டுப்போகும். அந்தப் பதிவுகள் முழுமையாக இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 2022இல் சுட்டிக்காட்டியது. பாலைவன வெயிலில் உடல் சில வாரங்களிலேயே எலும்பாகிவிடும். பேர் தெரியாமலே புதைபடுவோர் நிறைய. உலக அளவில் ஐ.நா.வின் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு 2014 முதல் ஒரு பட்டியல் பராமரிக்கிறது. 2024இல் மட்டும் குறைந்தது 8,938 இறப்புகள். அந்தக் "குறைந்தது" என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இடம் போதாதபோது முதலில் வெட்டப்படும் சொல் அதுதான்.

அடுத்தது, எப்படி இறந்தார்கள். தடுப்பின் கைரேகை இங்கேதான் இருக்கிறது. அரிசோனாவில் வெயில். கலிபோர்னியாவின் ஆல்-அமெரிக்கன் கால்வாயிலும் டெக்சாஸின் ரியோ கிராண்டே ஆற்றிலும் மூழ்குதல். போலந்து – பெலாரஸ் எல்லையின் பியாவொவியேஜா காட்டிலும் சதுப்பிலும் குளிரில் விறைத்துச் சாவு. போலந்து 2022இல் அங்கே 186 கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் உயர இரும்புச் சுவர் எழுப்பி முடித்தது.

சுவரே நேரடியாக ஆளை வீழ்த்துவதும் உண்டு. சான் டியேகோ பக்கம் சுவரை 30 அடிக்கு உயர்த்தினார்கள், ஏறக்குறைய மூன்று மாடி. அங்குள்ள ஒரு விபத்துச் சிகிச்சை மையத்தின் மருத்துவர்கள் தங்கள் பதிவேட்டைப் பார்த்து 2022இல் எழுதினார்கள்: சுவரிலிருந்து விழுந்து சேர்ந்தவர்கள் 2016–2018இல் 67 பேர், 2019–2021இல் 375 பேர். முந்தைய மூன்றாண்டில் விழுந்து இறந்தவர் யாருமில்லை. பிந்தையதில் 16 பேர். ஏறுவதற்கு ஏணி கிடைக்கிறது. இறங்குவதற்குக் கம்பியைப் பிடித்துச் சறுக்கத்தான் வேண்டும். எல்லைக் கணக்கில் இவர்கள் "தடுக்கப்பட்டவர்கள்". எலும்பு மருத்துவரிடம் கேட்டால் வேறு கணக்கு வரும்.

வேலி மேல் பழி போடுமுன்

வேலி போட்ட அதே நேரத்தில் வேறு என்ன நடந்தது என்று ஒரு ஓரக்குறிப்பு எழுதுங்கள். சுவரை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இருவருமே வழுக்கி விழும் இடம் இது.

கிரீஸ், துருக்கியோடு உள்ள எவ்ரோஸ் எல்லையில் ஆற்றைத் தவிர்த்த சின்னத் தரைத்துண்டில் 2012 இறுதியில் வேலி போட்டு முடித்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். 2011இல் அந்தப் பகுதி வழியே வந்தவர்கள் சுமார் 55,000. 2015இல் ஏஜியன் கடல் வழியே கிரேக்கத் தீவுகளுக்கு வந்தவர்கள் 8.5 லட்சத்துக்கும் மேல். வேலியிலிருந்து இந்த எண்ணுக்கு நேராக அம்பு போட்டால் அது பொய். நடுவில் சிரியா எரிந்துகொண்டிருந்தது. நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: போர் அவர்களைக் கிளப்பியது, தரைவழியில் வேலியும் காவலும் இறுகியிருந்ததால் ரப்பர் படகில் ஏறினார்கள். அந்த ஆண்டு அந்தக் கடலில் இறந்தவர்கள் எண்ணூறு பேர் அளவில்.

எதிர்ப்பக்க உதாரணம் இஸ்ரேல். எகிப்து எல்லையில் 2010இல் தொடங்கி 2013இல் முடித்த, சுமார் 240 கிலோமீட்டர் வேலி. 2011இல் கடந்தவர்கள் 17,000 அளவு, பெரும்பாலும் எரித்ரியர்களும் சூடானியர்களும். 2013இல் ஐம்பதுக்கும் குறைவு. அந்தக் கோட்டில் வேலி வேலை செய்தது. அதை மழுப்பாமல் எழுத வேண்டும். சினாய்ப் பாலைவனத்தில் ஆட்களைப் பிடித்து வைத்துச் சித்திரவதை செய்து பணம் கறந்த கும்பல்களுக்கும் வரத்து குறைந்தது, அதையும் எழுதுங்கள். கூடவே, 2012 ஜனவரியில் உள்ளே வந்தவரை மூன்று ஆண்டு வரை அடைத்து வைக்கும் சட்டமும் வந்தது; இதில் வேலியின் வேலை மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். எரித்ரியாவை விட்டுக் கிளம்புவதும் நிற்கவில்லை. 2014இல் லிபியா வழியாகக் கடல் தாண்டி இத்தாலி வந்தவர்களில் எரித்ரியர்கள் மட்டும் 34,000க்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் வேறு சூழலில் சினாய் வழியே போயிருப்பார்கள் என்று நான் கணக்குப் போட மாட்டேன். படத்தில் இரண்டு அம்பையும் போட்டு, ஆண்டுகளை எழுதி, வாசகரிடம் விட்டுவிடுவேன்.

மறந்துபோகும் இரண்டு கட்டங்கள்

ஒன்று, ஏஜென்ட் கேட்கும் காசு. வழி கடினமானால் தனியாகப் போகிறவன் குறைவான், வழிகாட்டியின் கட்டணம் ஏறும், சின்னத் தரகர் இருந்த இடத்தில் பெரிய கும்பல் வரும். லாரிக்குள் அடைத்துக் கொண்டுபோவதும் அதன் தொடர்ச்சிதான். 2022 ஜூனில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு டிரெய்லர் லாரிக்குள் வெப்பத்தில் 53 பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லையைத் தாண்டிய பிறகு, சாலைச் சோதனைச் சாவடிகளை ஏமாற்ற ஏற்றப்பட்டவர்கள்.

இன்னொன்று, திரும்பிப் போகிறவர்கள். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: மெக்சிகோ ஆண்கள் பருவ வேலைக்கு வருவதும் ஊர் திரும்புவதுமாக இருந்தார்கள், எல்லை இறுகியதும், போனால் மறுபடி வருவது ஆபத்து, செலவு என்று அங்கேயே தங்கினார்கள், பிறகு குடும்பத்தை வரவழைத்தார்கள். உள்ளே வரவிடாமல் போட்ட வேலி வெளியே போகவிடாமலும் தடுத்தது. அம்பு வரையும்போது நாம் எப்போதும் ஒரு பக்கம் மட்டுமே முனை வைக்கிறோம். எதிர்முனை இருந்ததா, அது எப்போது அழிந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாக: "வெள்ளம்", "அலை", "படையெடுப்பு" என்று கட்டுரையில் இருந்தால் என் படத்தில் போடுவதில்லை. தண்ணீருக்குத் தாகம் எடுக்காது, கால் முறியாது. இப்போதும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கும் வழிகளின் நுணுக்கமான விவரங்களையும் போடுவதில்லை. காவலருக்கோ கும்பலுக்கோ நான் எதற்கு வழி காட்ட வேண்டும்?

கடைசியாக, காலண்டரில் இரண்டு தேதி குறித்துவையுங்கள். வேலி முடிந்து ஓராண்டு ஒன்று, மூன்றாண்டு ஒன்று. அன்றைக்குப் பழைய படத்தை எடுத்து, மேலே ஒரு டிரேசிங் தாள் வைத்து மறுபடி வரையுங்கள். என் 2015 படத்தின் மேல் இப்போது நான்கு தாள்கள் இருக்கின்றன. முதல் தாளில் குரோஷியா. இரண்டாவதில், அக்டோபர் 17 முதல் ஹங்கேரி அந்த எல்லையையும் அடைத்ததால் ஸ்லோவேனியாவுக்குத் திரும்பிய அம்பு. மூன்றாவது 2016 மார்ச், கிரீஸிலிருந்து வடக்கே போகும் பால்கன் வழி முழுக்க மூடியபோது வடக்கு கிரீஸின் இடோமெனியில் கூடாரங்கள். நான்காவது 2018, அம்பு போஸ்னியாவின் மலைகளுக்குள் நுழைந்து பிஹாச் நகரத்தில் போய் நிற்கிறது. நான்கையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருக்கும் கறுப்புக் கோடு சரியாகத் தெரிவதில்லை. அந்த வாத்தியாரிடம் காட்டலாம் என்றால், அன்றைக்கு அவருடைய நம்பரை வாங்கி வைக்கவில்லை.